கடைசிக்காலப் பிரசங்கம் கேட்டுட்டு வந்தா திங்கட்கிழமை என்ன செய்யோணும்?

இயேசு இன்ன நாள்ல திரும்பி வர்றார்னு தேதி போட்டு வர்ற வீடியோவை மொதல்ல அக்கட்டால வெச்சிருங்க. மச்சான் அனுப்பினாலும் சரி, ஊழியக்காரர் அனுப்பினாலும் சரி. அந்த நாளும் நாழிகையும் பிதா ஒருவருக்குத்தான் தெரியும்னு மாற்கு 13:32ல இயேசுவே சொல்லியிருக்கறப்ப, அவருக்கு மேல கணக்குப் போடறவரோட கணக்கு நமக்கு வேண்டாமுங்க. அமெரிக்காவுல வில்லியம் மில்லர்ங்கற பிரசங்கியார் பேச்சை நம்பினவங்க 1844 அக்டோபர் 22ல வருகைன்னு காத்திருந்தாங்க. சில விவசாயிங்க வெளஞ்ச வெள்ளாமையை எடுக்காமலே விட்டாங்க. நம்ம பக்கத்துலயும் நடந்திருக்குது. பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பத்துல பொறந்து கிறிஸ்தவரான யுஸ்துஸ் யோசேப்பு, 1881ல வருகைன்னு சொன்னார். அவர் எழுதின மலையாளக் கீர்த்தனைகளை இன்னும் பாடறாங்க, தேதிதான் நிக்கல. அமெரிக்க ரேடியோப் பிரசங்கியார் ஹெரால்டு கேம்பிங் 2011 மே 21ன்னார். அடுத்த வருசமே மாயன் காலண்டர்படி உலகம் அழியப்போவுதுன்னு ஒரு கூத்து. அதே 2012லதான் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி முதலீட்டுத் திட்டமும் கவுந்துது. நம்ம சனம் எதை நம்பறதுன்னு ஒரு வெவஸ்தை வெச்சுக்கறதே இல்லீங்க.

நான் திருப்பூர்ல கம்பெனிகளுக்கு பனியன் தெச்சுக் குடுக்கற சின்ன பவர்டேபிள் யூனிட் நடத்தறவன். கொஞ்சம் ஓவர்லாக், கொஞ்சம் பேட்லாக் தையல் மெஷின், ஒரு செக்கிங் டேபிள், அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு சபையில பெரியவங்களுக்கு வேதபாடம் எடுக்கறேன். வருகையைப் பத்திப் பாடம்னா அந்த வாரம் ஆளு எச்சா வரும். அந்திக்கிறிஸ்து யாரு, வெளிப்படுத்தல்ல வர்ற மிருகத்தோட பத்துக் கொம்பு எந்தெந்த நாடுன்னு கேப்பாங்க. நாளைக்குக் காலையில நான் என்ன பண்ணோணும்னு கேக்கறவங்க கம்மி. அந்தக் கம்மியான ஆளுகளுக்குத்தான் இது.

ஒரு வசனத்தைக் காட்டி மிரட்டினாங்கன்னா, வீட்டுக்கு வந்து அந்த அதிகாரம் முழுசையும் சத்தமாப் படிங்க. சின்ன நிருபமா இருந்தா மொத்தமாவே படிச்சரலாம். இரண்டாம் தெசலோனிக்கேயர் மூணே அதிகாரம். அது மொதல்ல யாருக்குப் போன கடுதாசின்னு பாருங்க. வெளிப்படுத்தின விசேஷம், இன்னிக்குத் துருக்கி இருக்கற எடத்துல ஏழு சபைகளுக்குப் போனது. சிமிர்னாவுல இருந்தவங்க ஏழைங்க, காவல்ல போடப்போறாங்கன்னு அவங்களுக்குச் சொல்லுது. லவோதிக்கேயாவுல இருந்தவங்க எங்களுக்கு ஒரு குறைவும் இல்லைன்னு உக்காந்திருந்த பணக்காரங்க. ஒரே புஸ்தகம்தான், அவங்களுக்குத் தைரியம் சொல்லுது, இவங்களைக் கண்டிக்குது. நாம எந்தப் பக்கத்துல உக்காந்து படிக்கறோம்னு தெரியாம அர்த்தம் சொல்லக்கூடாது. அப்புறம் பென்சிலை எடுங்க. இந்தச் சேதியைக் கேட்டவங்களை என்ன செய்யச் சொல்லியிருக்குதோ, அந்த எடத்துக்கு அடியில கோடு போடுங்க. பெரும்பாலும் பக்கத்துலயே இருக்கும். அதை விட்டுப்போட்டு அடையாளத்தை மட்டும் தேடறது, மாட்டை விட்டுட்டு மணியை ஓட்டிட்டுப் போறாப்பல.

முதலாம் தெசலோனிக்கேயர் 4ஆம் அதிகாரத்துல எக்காளம், மேகம் எல்லாம் வருது. அதுல கடைசி வசனம்: "இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்." செத்துப்போனவங்களை நெனச்சு வெசனப்பட்டுட்டு இருந்தவங்களுக்குப் பவுல் எழுதினது அது. அதனால அந்தப் பாடம் நடந்த வாரம் சாவு விழுந்த வீட்டுக்குப் போயிட்டு வரோணும். அடக்கம் முடிஞ்சு ரெண்டு மூணு மாசம் ஆன வீடா இருந்தா இன்னும் நல்லது, அப்பத்தான் யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க. தேத்தறதுக்கு எழுதின அதிகாரத்தை வெச்சு, குழந்தைகளை ராத்திரி தூங்கவிடாம மிரட்டறவங்களை எனக்குப் புடிக்கறதில்லைங்க.

முதலாம் பேதுரு 4ல "எல்லாவற்றிற்கும் முடிவு சமீபமாயிற்று"ன்னு வரும். ரெண்டு வசனம் தள்ளி, முறுமுறுப்பில்லாம ஒருத்தரையொருத்தர் உபசரிங்கன்னு இருக்குது. தாக்கல் சொல்லாம வந்து நிக்கற ஒறம்பரைக்கு மூஞ்சியைக் காட்டாம சோறு போடறதும் கடைசிக்கால ஊழியம்தான். தெசலோனிக்கேயாவுல கர்த்தருடைய நாள் வந்துருச்சுன்னு ஒரு புரளி கெளம்புச்சு. அதைத் திருத்தி எழுதின இரண்டாம் தெசலோனிக்கேயர்லயே, வேலை செய்யாம ஊர்வம்பு பாத்துட்டு திரியறவங்களுக்குப் பவுல் சொல்றது, வேலைசெய்ய மனசில்லாதவன் சாப்பிடவும் கூடாதுன்னு. உபவாசக் கூட்டத்தைச் சாக்கு சொல்லி வாரத்துல பாதி ஷிப்டுக்கு மட்டம் போடற தம்பிமாருக்கு இதைப் படிச்சுக் காட்டுங்க.

யாக்கோபு 5ஆம் அதிகாரத்தைக் கொஞ்சம் நின்னு படிக்கோணும். எங்க ஊருக்குன்னே எழுதினாப்பல இருக்கும். கடைசி நாளுக்குன்னு பொக்கிஷம் சேர்த்தவங்களைத் திட்டி, பிடிச்சு வெச்ச கூலி கூக்குரலிடுது, அது சேனைகளுடைய கர்த்தரின் காதுல விழுந்துருச்சுங்கறார். அதுக்கப்புறந்தான் கர்த்தர் வர்ற வரைக்கும் பொறுமையா இருங்கன்னு சொல்லி, முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கற குடியானவனைக் காட்டறார். "நியாயாதிபதி வாசற்படியில் நிற்கிறார்"னு ஒன்பதாவது வசனம். சனிக்கிழமை பொழுதோட எங்க யூனிட் வாசப்படியில நிக்கறது யாருன்னா, ஒடிசாவுலயும் பீகார்லயும் இருந்து வந்த பசங்க, வாரச் சம்பளத்துக்கு. கம்பெனியில பில்லு பாஸ் ஆகல, அடுத்த வாரம் சேத்தி வாங்கிக்கோன்னு சொல்றது இங்க வெகு சாதாரணம். வருகைக்கு ஆயத்தமாகறதுன்னா நான் இந்த எடத்துல இருந்துதான் ஆரம்பிக்கச் சொல்லுவேன். ஒரு வாரக் கூலிக்கு ஆகற காசைத் தனிக் கணக்குல போட்டு வைங்க. கம்பெனிக்காரர் இழுத்தடிச்சாலும் அதுல இருந்து குடுத்தரலாம். பீஸ் ரேட்டை எல்லாருக்கும் தெரியறாப்பல போர்டுல எழுதிப்போடுங்க, இந்திக்காரப் பசங்க கேட்டா படிச்சுச் சொல்லுங்க. பிடிச்ச பி.எப்., ஈ.எஸ்.ஐ. காசைக் கட்டிருங்க. கூலி குடுத்ததுக்கு அப்புறம் மிச்சம் இருக்கறதுல காணிக்கை போடுங்க. ஆளுகளுக்குக் குடுக்கவேண்டியதை நிறுத்தி வெச்சுட்டு கன்வென்ஷனுக்குக் காணிக்கைக் கவர் போடறது, யாக்கோபு படிச்சவன் செய்யற வேலை இல்லை. யூனிட் இல்லாதவங்களுக்கும் இது உண்டுங்க: தேங்கா போடறவர், பாத்திரம் வெளக்கற அம்மணி, பால்காரர் பாக்கி.

அடுத்தது வெளிப்படுத்தல்ல வர்ற மிருகத்தோட முத்திரை, 666. கொரோனா தடுப்பூசி போட்ட சமயத்துல செக்கிங்ல இருந்த ஒரு அம்மணி, "ஏனுங்ணா, ஊசியில 666 இருக்குதாமா?"ன்னு கேட்டுச்சு. அதுக்கு முன்னால ஆதாரைச் சொன்னாங்க, அதுக்கும் முன்னால பார்கோடைச் சொன்னாங்க. இப்புடிக் கேக்கறவங்களைப் பாத்து சிரிக்காதீங்க, நெசமாலுமே பயந்துதான் கேக்கறாங்க. வெளிப்படுத்தல் 13ஐயும் 14ஐயும் சேத்திப் படிச்சுக் காட்டுங்க. அங்க முத்திரையும் மிருகத்தை வணங்கறதும் சேந்தேதான் வருது. தெரியாம ஒருத்தர் கையில குத்திட்டுப் போற சமாச்சாரமா அது இல்லை. 666ங்கற எண்ணு, எழுத்துக்கு ஒரு எண்ணுன்னு கூட்டற எபிரெயக் கணக்குல ரோமச் சக்கரவர்த்தி நீரோ ராயன் பேருக்குப் பொருந்துதுன்னு ஆராய்ச்சியாளருக நெறையப் பேர் சொல்றாங்க. அந்தச் சபைகளுக்கு ராயனை வணங்கறதா, மாட்டேங்கறதாங்கறது தெனப்படிப் பிரச்சினை. 14:1ல ஆட்டுக்குட்டியானவரோட நிக்கறவங்க நெத்தியில பிதாவோட பேர் இருக்குது, அதைச் சொன்னா பாதிப் பயம் போயிரும்.

பயம் போனதுக்கப்புறம் வேலை இருக்குது. முத்திரையில்லாதவன் வாங்கவும் விக்கவும் முடியாதுன்னு இருக்குதில்லீங்களா, அதனால நாம வாங்கறதுலயும் விக்கறதுலயும் யாரோட பேர் தெரியுதுன்னு பாருங்க. 18ஆம் அதிகாரத்துல பாபிலோன் வியாபாரிக சரக்குப் பட்டியல் இருக்குது. பொன், வெள்ளி, மெல்லிய வஸ்திரம், பட்டு, இலவங்கப்பட்டை, எண்ணெய், கோதுமைன்னு போயி கடைசியில மனுஷருடைய ஆத்துமாக்கள்னு முடியும். பனியன் ஊர்ல உக்காந்து இதைப் படிச்சா சும்மா இருக்க முடியாதுங்க. 11:18ல பூமியைக் கெடுத்தவங்களுக்கு வர்ற தீர்ப்பும் இருக்குது. நொய்யல் ஆத்துல பாசனத்துக்குன்னு கட்டி 1992ல முடிச்ச ஒரத்துப்பாளையம் அணையில சாயத்தண்ணி தேங்கி நின்னதும், 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் இந்த ஊருக்கே தெரியும். நொய்யலைப் பத்திப் பேசறது அரசியல், ஆலயத்துல வேண்டாங்கறவங்க இந்த வசனத்தை என்ன பண்ணுவாங்கன்னு எனக்குப் புரியல. ஆர்டர் எடுக்கறப்ப சாயம் எங்க போடறாங்க, தண்ணியை எங்க விடறாங்கன்னு ஒரு வார்த்தை கேளுங்க. வெலை கொறையுதுன்னா ஏன் கொறையுதுன்னும் கேளுங்க.

சபை வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படறது கடைசிக்கால உபத்திரவத்துக்கு முன்னாலயா பின்னாலயா, இயேசுவோட ஆயிரவருஷ அரசாட்சி எப்புடிங்கறதுல எங்க வகுப்புலயே மூணு கட்சி இருக்குது. நான் எதுலயும் சேர்றதில்லை. எந்தக் கட்சியா இருந்தாலும் சனிக்கிழமை கூலி குடுத்துத்தான் ஆகோணும்.

கர்த்தர் சீக்கிரம் வர்றார், பொண்ணுக்கு எதுக்கு படிப்பு, வீடு எதுக்கு கட்டோணும்னு கேக்கறவங்களுக்கு எரேமியா 28, 29. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவங்க ரெண்டே வருசத்துல திரும்பிருவாங்கன்னு அனனியாங்கற கள்ளத் தீர்க்கதரிசி சொன்னான், சனத்துக்கு அது இனிச்சுது. எரேமியா எழுபது வருசம்னார். வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்க, நீங்க இருக்கற ஊரோட சமாதானத்துக்கு ஜெபம்பண்ணுங்கன்னு கடுதாசி எழுதினார். அந்த வருசமே செத்தது அனனியா. அதனால நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு வருசம் ஆகுமேன்னு ரோசனை பண்ணாதீங்க, நட்டு வைங்க. பொண்ணு காலேஜுக்குப் பீஸ் கட்டுங்க.

அப்புறம் போர்ச் செய்தி. இஸ்ரவேல்ல சண்டைன்னா, இஸ்ரவேல் மேல படையெடுத்து வர்ற கோகைப் பத்தின எசேக்கியேல் 38ஐ எடுத்துட்டு வந்துருவாங்க. நான் சின்னவனா இருக்கறப்ப கோகுன்னா சோவியத் ரஷ்யாதான்னு அடிச்சுச் சொன்னாங்க. 1991ல அந்தச் சோவியத்தே இல்லாமப் போச்சு. இந்த மாதிரி நேரத்துல தானியேல் 9ஆம் அதிகாரத்தைப் பாருங்க. எழுபது வருசக் கணக்கு முடியப்போவுதுன்னு எரேமியா புஸ்தகத்துல படிச்சுத் தெரிஞ்சுக்கிட்ட தானியேல், யாருக்கும் தேதி அறிவிக்கல. உபவாசமிருந்து, இரட்டுடுத்தி, சாம்பல்ல உக்காந்து, நாங்க பாவம் செஞ்சோம்னு தன்னையும் சேத்தி அறிக்கையிட்டார். எங்க வீட்டுக் கூட்டத்துல அந்த ஜெபத்தை அப்புடியே வாசிச்சு, ஆளாளுக்கு அவங்கவங்க ஊரு, அவங்கவங்க தொழில் பாவத்தைச் சொல்லி ஜெபிப்போம். ஜெபக்குறிப்பு எழுதறப்ப ரெண்டு பக்கத்துச் சனத்தையும் எழுதோணும். 2023 அக்டோபர்ல காசாவுல குண்டு விழுந்த எடங்கள்ல புனித போர்ஃபிரியஸ் ஆலய வளாகமும் ஒண்ணு. அடைக்கலம்னு போயிருந்த கிறிஸ்தவங்க அங்க செத்தாங்க. அவங்களுக்கும் ஜெபிச்சு முடிச்சுட்டு, நேரம் இருந்தா வரைபடத்தை விரிச்சுக்கலாம். எங்க கூட்டத்துல பெரும்பாலும் அதுக்குள்ள எட்டரை மணி ஆயிரும், கடைசி பஸ்ஸுக்குப் போறவங்க எந்திரிச்சுருவாங்க.