ஏரிக்கரை நகரம் யோவானினா: பயணிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இகூமெனித்சா துறைமுகத்தில் இறங்கி மெட்டியோராவின் பாறை மடாலயங்களை நோக்கிச் செல்லும் பயணிகளில் பலர், வழியில் யோவானினாவில் ஓர் இரவு தங்கி, ஏரிக்கரையில் ஒரு காபி குடித்துவிட்டு மறுநாள் காலையே கிளம்பிவிடுகிறார்கள். வடமேற்கு கிரேக்கத்தின் எப்பிரஸ் பகுதிக்குத் தலைநகரான இந்த ஊரை (உள்ளூர்க்காரர்கள் சுருக்கமாக 'யான்னெனா' என்பார்கள்) அப்படிக் கடந்துபோவதுதான் முதல் தவறு. கோட்டைக்கு ஒரு முழு நாள், ஏரியிலுள்ள தீவுக்கு அரை நாள், பண்டைய கிரேக்கர்கள் குறி கேட்ட தலமான டோடோனாவுக்கு அரை நாள் என்று குறைந்தது இரண்டு நாள் ஒதுக்க முடியாதவர்கள் வேறொரு பயணத்தில் வருவதே மேல்.

கிரேக்கம் என்றதும் வெள்ளைச் சுவரும் நீலக் கடலும் வெயிலும் நினைவுக்கு வருவது இயல்பு. அந்த நினைப்போடு மெல்லிய பருத்தி உடைகளை மட்டும் கட்டிக்கொண்டு வருபவர்கள் இங்கே சிரமப்படுகிறார்கள். ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 480 மீட்டர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த படுகையில் இருக்கிறது. கிரேக்கத்தில் மழை மிகுந்த நகரங்களுள் இதுவும் ஒன்று. நவம்பர், டிசம்பர் மாதங்களில் குடை இல்லாமல் வெளியே இறங்க முடியாது. குளிர்காலக் காலைகளில் ஏரியிலிருந்து எழும் மூடுபனி எதிர்க்கரை மலையையும் தீவையும் முற்றாக மறைத்துவிடும். வசந்தத்தின் பிற்பகுதியோ செப்டம்பர் மாதமோ தோதானது.

ஏரியைக் கண்டதும் குளிக்க ஆசைப்படுவதும் தவறே. பம்வோத்திடா ஏரி ஆழம் குறைந்தது. அதிலிருந்து இயற்கையாக எந்த ஆறும் மேற்பரப்பில் வெளியேறுவதில்லை. சுண்ணாம்புப் பாறையில் உள்ள உறிஞ்சு துளைகள் வழியாகவே நீர் நிலத்தடிக்குப் போகிறது. சுற்றியுள்ள வயல்களின் உரமும் நகரத்தின் கழிவும் நெடுங்காலம் அதில் சேர்ந்ததால் கோடையில் பாசி பூத்து நீர் பச்சையாகிவிடும். இது நீந்துவதற்கான ஏரி அன்று. மாலையில் பிளேன் மரங்களின் நிழலில் கரையோரமாக நடப்பதற்கான ஏரி.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, இந்த ஊரை அலி பாஷாவின் ஊர் என்று மட்டும் எண்ணிக்கொள்வது. 1788 முதல் 1822 வரை இங்கிருந்து ஆண்ட அந்த அல்பானியத் தலைவன், பெயருக்கு உஸ்மானியச் சுல்தானின் ஆளுநர். நடைமுறையில் தனி அரசன். அவனைப் பற்றிய கதைகளுக்குக் குறைவில்லை. ஃப்ரோசினி என்ற பெண்ணையும் அவளோடு வேறு பல பெண்களையும் 1801இல் அவன் ஏரியில் மூழ்கடித்துக் கொன்ற கதை இன்றும் பாட்டாகப் பாடப்படுகிறது. வழிகாட்டிகளும் கடைக்காரர்களும் இக்கதைகளையே திரும்பத் திரும்பச் சொல்வதால், கேட்பவர் ஊரின் மற்ற அடுக்குகளைக் காணாமலே போய்விடுகிறார். ஆங்கிலக் கவிஞர் பைரன் அலி பாஷாவை இந்தக் கோட்டையில் சந்தித்தார் என்று சொல்லக் கேட்டாலும் நம்ப வேண்டாம். 1809இல் பைரன் யோவானினாவுக்கு வந்தது உண்மை. பாஷா அப்போது ஊரில் இல்லை. சந்திப்பு நடந்த இடம் இன்றைய அல்பானியாவில் உள்ள தெபெலேனா.

அந்த மற்ற அடுக்குகளைக் காண வேண்டுமானால் கோட்டைக்குள் நிதானமாக நடக்க வேண்டும். காஸ்ட்ரோ எனப்படும் இந்தக் கோட்டை, நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்த்துவிட்டு வெளியேறும் வெற்று நினைவுச்சின்னம் அன்று. மதிலுக்குள் குடும்பங்கள் வாழ்கின்றன, துணி காய்கிறது, பூனைகள் படுத்திருக்கின்றன. பலர் இட்ஸ் காலே என்ற தென்கிழக்கு உள்கோட்டைக்கு நேராகச் சென்று, ஃபெத்தியே மசூதியையும் அதன் முன்னுள்ள அலி பாஷாவின் கல்லறையையும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். வடகிழக்கு முனையில் ஏரியைப் பார்த்தபடி நிற்கும் அஸ்லான் பாஷா மசூதியைத் தவற விடக்கூடாது. 1430இல் உஸ்மானியரிடம் சண்டையின்றிச் சரணடைந்த ஊர் என்பதால், கிறிஸ்தவர்கள் மதிலுக்குள்ளேயே வாழும் உரிமையைப் பெற்றிருந்தார்கள். 1611இல் பேராயர் டயோனீசியஸ் நடத்திய கலகம் தோற்றபின் அந்த உரிமை பறிபோனது. அங்கிருந்த மடாலயத்தின் இடத்தில் 1618இல் இம்மசூதி எழுந்தது. இன்று அதுவே நகராட்சி அருங்காட்சியகம். கிறிஸ்தவர், முஸ்லிம், யூதர் என ஊரின் மூன்று சமூகத்தாரும் பயன்படுத்திய உடைகளும் பாத்திரங்களும் அங்கே ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன.

மசூதியில் தொழுவோர் இல்லாமல் போனதற்குக் காரணம், முஸ்லிம்களைத் துருக்கிக்கும் கிறிஸ்தவர்களைக் கிரேக்கத்துக்கும் இடம்பெயரச் செய்த 1923இன் கிரேக்க-துருக்கிய மக்கள் பரிமாற்றம். கோட்டைக்குள் உள்ள யூதர் தொழுகைக்கூடம் பெரும்பாலும் பூட்டிக் கிடப்பதற்குக் காரணம் அதைவிடக் கொடியது. கிரேக்க மொழி பேசிய ரோமானியோட் யூதர்கள் பல நூற்றாண்டுகள் இங்கே வாழ்ந்தவர்கள். 1944 மார்ச் 25 அன்று நாஜிப் படையினர் அவர்களில் ஏறத்தாழ 1,860 பேரைப் பிடித்து ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவர்கள் மிகச் சிலரே. 1829இல் மீண்டும் கட்டப்பட்ட அந்தக் கூடத்தைப் பார்க்க விரும்புபவர்கள், கதவருகே போய் நின்று ஏமாறாமல், ஊரிலுள்ள யூதர் சங்கத்திடம் முன்கூட்டியே பேசி நேரம் கேட்டுக்கொள்ள வேண்டும். அருங்காட்சியகங்களில் பல செவ்வாய்க்கிழமை மூடுவது வழக்கம் என்பதால், கோட்டைக்கான நாளாக அந்தக் கிழமையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

தீவுக்குப் படகில் சுமார் பத்து நிமிடம். அதற்குத் தனிப் பெயர் கிடையாது. 'நிசி' என்றே அழைப்பார்கள். தமிழில் நிசி என்றால் இரவு; கிரேக்கத்தில் தீவு. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்காமல் போனால் இரண்டு பொருளும் ஒன்றாகிவிடக்கூடும். இறங்கியவர்கள் பெரும்பாலும் அலி பாஷா 1822இல் கொல்லப்பட்ட பாந்தலெய்மோன் மடாலயத்துக்கு ஓடுகிறார்கள். அங்கே தரைப்பலகையில் துப்பாக்கிக் குண்டு துளைத்த ஓட்டைகளைக் காட்டுவார்கள். பார்க்கலாம், தவறில்லை. ஆனால் தீவின் உண்மையான செல்வம் ஃபிலாந்த்ரோபினோன் மடாலயத்தின் சுவரோவியங்களே. 13ஆம் நூற்றாண்டில் தோன்றிய இம்மடாலயத்தை 16ஆம் நூற்றாண்டில் ஓவியங்களால் நிறைத்தார்கள். அவற்றுள் பிளேட்டோ, அரிஸ்டாட்டில், சோலோன், துசிடிடீஸ், புளூட்டார்க் போன்ற பண்டைய கிரேக்க அறிஞர்களும் நிற்கிறார்கள். கிறிஸ்துவுக்கு முன் வாழ்ந்தவர்களையும் அவரை அறியாதவர்களையும் ஒரு மடாலயத்தின் சுவரில் வரைய ஒருவர் துணிந்திருக்கிறார். உள்ளே இருட்டாக இருப்பதால், கண் பழகும்வரை சில நிமிடங்கள் நிற்க வேண்டும். அவசரமாக எட்டிப் பார்ப்பவருக்குக் கரிய சுவர் மட்டுமே தெரியும். தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்துவது மடாலயங்களில் அவசியம்.

தீவு உணவகங்களின் வாசலில் விலாங்கு, நன்னீர் மீன், தவளை ஆகியவற்றைத் தொட்டிகளில் உயிரோடு வைத்திருப்பார்கள். அவையெல்லாம் எதிரே உள்ள ஏரியில் அன்று காலை பிடித்தவை என்று எண்ணிவிடக்கூடாது; பெரும்பாலும் பண்ணைகளிலிருந்து வருபவை. சைவம் உண்பவர்கள் இன்னொரு பிழையைச் செய்கிறார்கள். 'நிஸ்தீசிமோ' என்று சொன்னால் விரத உணவு கிடைக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு, அதைச் சைவம் என்று நம்பிவிடுகிறார்கள். நம் விரதம் வேறு, அவர்கள் விரதம் வேறு. ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் நோன்பில் இறைச்சி, பால், முட்டை விலக்கு; இறாலுக்கும் கணவாய்க்கும் விலக்கு இல்லை. எனவே இன்னின்னது கூடாது என்று தனித்தனியே சொல்லிவிடுவதே பாதுகாப்பு. எப்பிரஸ் பகுதி 'பீத்தா' எனப்படும் அடுக்குப் பலகாரங்களுக்குப் பேர்போனது. கீரை வைத்ததும் பாலாடைக்கட்டி வைத்ததும் எங்கும் கிடைக்கும், வயிறும் நிறையும்.

வெள்ளி நகை வாங்குவோர், கோட்டைக்குள் உள்ள வெள்ளி வேலைப்பாட்டு அருங்காட்சியகத்தைப் பார்க்கும் முன்பே கடைக்குள் நுழையக்கூடாது. மெல்லிய கம்பியை முறுக்கிப் பற்றவைத்துச் செய்யும் வேலைக்கும், அதைப் போலத் தோன்றும்படி அச்சில் வார்த்ததற்கும் உள்ள வேறுபாட்டை அங்கே ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு கண்ணே சொல்லிவிடும். ஊருக்கு அருகிலுள்ள பெரமா குகைக்குக் கோடையிலும் ஒரு மேலாடை தேவை, உள்ளே ஆண்டு முழுவதும் 17 டிகிரிதான். முடிவில் படிகள் அதிகம் என்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துச் செல்லலாம்.

டோடோனா விஷயத்தில் பலரும் வரிசையை மாற்றிவிடுகிறார்கள். ஊரிலிருந்து சுமார் 22 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அந்தத் தலத்தில், கருவாலி மரத்தின் இலைச் சலசலப்பில் ஜீயஸ் தெய்வத்தின் குறி கேட்டார்கள். இன்று அங்கே காணக் கிடைப்பவை பெரிய கல் அரங்கும் கோயில் அடித்தளங்களும் பிற்காலத்தில் நட்ட ஒரு மரமும்தான். நேராக அங்கே போனால் அரை மணி நேரத்தில் சலித்துவிடும். முதலில் நகரின் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குச் சென்று, குறி கேட்க வந்தவர்கள் தங்கள் கேள்வியைக் கீறிக் கொடுத்த ஈயத் தகடுகளைப் பார்க்க வேண்டும். அகழ்வில் கிடைத்தவை 4,000க்கும் மேல். விரலளவு அகலமுள்ள ஒரு தகட்டில், மனைவி சுமக்கும் பிள்ளை தன்னுடையதுதானா என்று லிசானியஸ் என்பவன் கேட்கிறான். இன்னொன்றில், காணாமற்போன போர்வைகளையும் தலையணைகளையும் வெளியாள் யாரேனும் திருடினானா என்று ஆகிஸ் என்பவன் கேட்கிறான். இவற்றைப் படித்துவிட்டு மறுநாள் அந்தப் பள்ளத்தாக்கில் போய் நின்றால், காற்றில் இலை அசையும்போது ஆகிஸின் தலையணைதான் நினைவுக்கு வரும்.