டக்ஸ்ஃபர்ட் ஏர்ஷோ: பழைய போர் விமானங்களைப் பார்ப்பதும் படம் எடுப்பதும், புதியவர்களுக்கான செய்முறை

இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயர் ஒன்று பறக்கும் படம். பெயின்ட், எண், பைலட்டின் தலைக்கவசம் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் மூக்கில் ப்ரொப்பெல்லர் மட்டும் அசையாமல் நிற்கிறது. நடுவானில் எஞ்சின் அணைந்துபோனது போலத் தோன்றும். முதல் முறை ஏர்ஷோவுக்குப் போகிறவர்கள் எடுத்துவரும் படங்களில் நிறைய இப்படித்தான் இருக்கும். கேமராவில் குறை எதுவும் இல்லை, ஷட்டர் திறந்து மூடும் வேகம் அதிகம், அவ்வளவுதான். அதைச் சரிசெய்வதுதான் இந்தப் பதிவின் முக்கிய வேலை. கூடவே எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது என்பதையும் சொல்கிறேன்.

எல்லா ஏர்ஷோவுக்கும் பொதுவாகச் சொன்னால் பயன் குறைவு. அதனால் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்குத் தெற்கே இருக்கும் டக்ஸ்ஃபர்டை எடுத்துக்கொள்கிறேன். இம்பீரியல் வார் மியூசியத்தின் பொறுப்பில் இருக்கும் நிஜமான பழைய விமானத்தளம் அது. பிரிட்டிஷ் விமானப்படைக்கு முதல் ஸ்பிட்ஃபயர்கள் வந்து சேர்ந்தது 1938 ஆகஸ்டில், இதே தளத்தில் இருந்த 19ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப்படைப் பிரிவுக்கு. 1943 முதல் அமெரிக்கர்கள் இங்கிருந்து தண்டர்போல்ட், மஸ்டாங் போர் விமானங்களை ஓட்டினார்கள். நமக்கும் ஒரு சின்னத் தொடர்பு உண்டு: 1940 மே மாதம் இங்கிருந்து பறந்த 264ஆம் ஸ்குவாட்ரனின் பெயரோடு பின்னாளில் ‘மதராஸ் மாகாணம்’ என்று சேர்த்தார்கள். போருக்காக மதராஸ் மாகாணம் திரட்டிக் கொடுத்த பணத்துக்கான மரியாதை அது.

படி 1: போவதற்கு முன்

டிக்கெட்டை முன்பதிவு செய்துவிடுங்கள். ரயிலில் வருவதானால் பக்கத்து நிலையம் விட்டில்ஸ்ஃபர்ட் பார்க்வே. தொப்பி, தண்ணீர், மழைக்கோட்டு மூன்றும் வேண்டும், இங்கிலாந்துக் கோடையில் ஒரே நாளில் மூன்றுக்கும் வேலை வரும். சின்னக் குழந்தைகள் வந்தால் காதுக்குக் கவசம். கூடுதல் பேட்டரி ஒன்று, மெமரி கார்டு ஒன்று.

லென்ஸ் 100-400 மி.மீ. இருந்தால் நல்லது. 70-300 போதும், குறிப்பாக சிறிய சென்சார் உள்ள கேமராவில். பெரிய லென்ஸ் வாங்கிய பிறகுதான் போவேன் என்று காத்திருக்க வேண்டாம்.

படி 2: நான்கைந்து விமானங்களை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள்

எது வருகிறது என்று தெரிந்தால்தான் எப்போது ஷட்டரை அழுத்துவது என்று தெரியும். ஸ்பிட்ஃபயரை அதன் நீள்வட்ட இறக்கையை வைத்தே சொல்லிவிடலாம். ஹரிக்கேன் கொஞ்சம் கூன் விழுந்த முதுகு, தடித்த இறக்கை, பின்பாதி உடலுக்குத் துணிதான் போர்த்தியிருக்கும். இரண்டும் இறங்க வரும்போது சக்கரத்தைப் பாருங்கள்: ஸ்பிட்ஃபயரின் கால்கள் நெருக்கமாக இருக்கும், மடங்கும்போது வெளிப்பக்கம் போகும். ஹரிக்கேனுக்கு அகன்ற கால், உள்பக்கம் மடங்கும். மஸ்டாங்குக்கு வயிற்றடியில் பெரிய காற்றுவாய், வெட்டிவிட்டது போன்ற இறக்கை நுனி. தண்டர்போல்ட் உருண்டை மூக்கோடு பருத்து வரும். புச்சோன் என்று ஒன்று வரலாம். பார்க்க ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட், கட்டியது ஸ்பெயின், உள்ளே இருப்பது ஸ்பிட்ஃபயருக்கும் போட்ட பிரிட்டிஷ் மெர்லின் எஞ்சின். அதனால் சத்தத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

படி 3: காலையில் விமானங்களுக்குப் பக்கத்தில் போங்கள்

பறத்தல் மதியத்துக்கு மேல்தான் தொடங்கும். அதற்கு முன் விமானங்கள் வரிசையாக நிற்கும் இடத்துக்கு நடந்து போய்ப் பார்க்க விடுவார்கள். இதைத் தவறவிடாதீர்கள். இங்கே மொபைல் கேமராவே போதும்.

நான் எப்போதும் முதலில் தேடிப் போவது என்3200 என்ற எண் கொண்ட ஸ்பிட்ஃபயர். முதல் ரகம், அதாவது மார்க் 1. 1940 மே 26 அன்று பிரான்சின் டன்கர்க் வான்பகுதிச் சண்டைக்கு இதே டக்ஸ்ஃபர்டின் 19ஆம் ஸ்குவாட்ரனோடு போனது. ஓட்டிய ஸ்குவாட்ரன் லீடர் ஜெஃப்ரி ஸ்டீஃபன்சன், அடி வாங்கிய விமானத்தைக் கலே நகருக்குப் பக்கத்தில் கடற்கரை மணலில் இறக்கிவிட்டுப் போர்க் கைதியானார். விமானம் மணலுக்குள் புதைந்தது. 1986இல் தோண்டி எடுத்தார்கள், 2014இல் மறுபடியும் பறந்தது, அடுத்த ஆண்டு மியூசியத்துக்கே வந்து சேர்ந்தது. தன் பழைய ஸ்குவாட்ரனின் தளத்திலேயே அது இன்று நிற்கிறது.

இறக்கையின் முன்விளிம்பில் சின்னச் சின்னச் சிவப்புத் துணி ஒட்டுகள் தெரியும். எட்டுத் துப்பாக்கி வாய்கள் அவை. தூசியும் ஈரமும் உள்ளே போய் உறையாமல் இருக்க ஒட்டுவார்கள், சுடும்போது குண்டு அதைக் கிழித்துக்கொண்டு போகும். எஞ்சின் பக்கவாட்டில் புகைபோக்கிகளுக்குப் பின்னால் கரி படிந்த கோடுகள், கீழே எண்ணெய் சொட்டாமல் வைத்திருக்கும் தட்டு. இந்த மாதிரி விவரங்களை நெருங்கி எடுங்கள்.

படி 4: எங்கே நிற்பது

டக்ஸ்ஃபர்டில் பார்வையாளர்கள் தெற்கே பார்த்து நிற்க வேண்டியிருக்கும், ஓடுபாதை அந்தப் பக்கம் இருக்கிறது. அதாவது பகலில் பெரும்பாலான நேரம் சூரியன் உங்கள் முகத்தில். விமானங்கள் கறுப்பு நிழலாக விழும். இதற்கு ஒரே வழி மேற்குக் கோடிக்குப் போவது. மாலை சாயச் சாயச் சூரியன் வலப்பக்கமாக வந்துவிடும். மேற்குக் கோடியில் நின்று இடப்பக்கம், கிழக்கே திரும்பிப் பார்த்தால் வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து விமானத்தின் மேல் விழும். பழகியவர்கள் காலையிலேயே அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

படி 5: கேமராவை அமைப்பது

ஷட்டர் முன்னுரிமை முறைக்கு மாற்றுங்கள்: ஷட்டர் வேகத்தை நீங்கள் வைப்பீர்கள், அபெர்ச்சரைக் கேமரா பார்த்துக்கொள்ளும். நிக்கான், சோனியில் ‘எஸ்’, கேனனில் ‘டிவி’ என்று இருக்கும். தொடர் ஃபோகஸ், தொடர் ஷாட் இரண்டையும் போடுங்கள். ரா கோப்பாக, அதாவது கேமரா சுருக்காத மூலக் கோப்பாக எடுங்கள்.

சரி, இப்போது ஷட்டர் வேகம். ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சின் காட்சிப் பறத்தலில் நிமிடத்துக்கு 2,200 சுற்று போல ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இடையில் கியர் இருப்பதால் ப்ரொப்பெல்லர் அதில் பாதிக்கும் சற்றுக் குறைவாக, 1,050 சுற்றுதான் சுழலும். நொடிக்குப் பதினேழு சொச்சம். 1/1000 நொடியில் அது வெறும் 6 பாகை திரும்பும், படத்தில் நின்றது போலவே தெரியும். 1/250இல் 25 பாகை, சுழற்சி தெரிய ஆரம்பிக்கும். 1/125இல் 50 பாகை, அப்போதுதான் விமானத்துக்கு உயிர் வரும். மூன்று இதழும் சேர்ந்து முழு வட்டமாகத் தெரிய வேண்டுமானால் 1/50 அளவுக்கு இறங்க வேண்டும். அது அனுபவசாலிகளுக்கான வேலை.

ஆகவே முதல் விமானத்துக்கு 1/500. நான்கைந்து கூர்மையான படம் கிடைத்ததும் 1/320, அப்புறம் 1/250. கை பழகியதும் 1/160. வேகத்தைக் குறைக்கக் குறைக்கக் கலங்கிய படங்கள் கூடும், அதை நினைத்துப் பின்வாங்காதீர்கள். 1/125இல் பத்துக்கு ஒன்று தேறினாலும் அந்த ஒன்று 1/1000இல் எடுத்த நூறைவிட மேல் என்பது என் கருத்து. ஜெட் வந்தால் மட்டும் 1/1000க்குத் தாராளமாக ஏற்றிக்கொள்ளுங்கள், அங்கே சுழல்வது எதுவும் வெளியே தெரியாது.

ஐஎஸ்ஓ, அதாவது சென்சாரின் ஒளி உணர்திறன், 100 வையுங்கள். நல்ல வெயிலில் 1/125க்கு அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப்/16 வரை சுருங்கும், சென்சாரில் ஒட்டிய தூசியெல்லாம் வானத்தில் புள்ளியாகத் தெரியும். வெளிச்சத்தைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் ஒன்று மாட்டினால் அந்த அளவு சுருங்காது. மேகம் வெளுத்திருந்தால் எக்ஸ்போஷரை +0.7 முதல் +1 வரை ஏற்றுங்கள், இல்லாவிட்டால் இறக்கையின் அடிப்பக்கம் கறுத்துவிடும். நீல வானத்தில் பூஜ்யத்துக்குத் திரும்புங்கள்.

படி 6: விமானத்தோடு திரும்புவது

கால்களை அகட்டி, விமானம் எங்கே உங்களைக் கடக்குமோ அந்தத் திசைக்குப் பாதங்களை வையுங்கள். அப்புறம் அது வரும் பக்கம் இடுப்பை மட்டும் திருப்புங்கள். தூரத்திலேயே வ்யூஃபைண்டரில் பிடித்து, காக்பிட் மேல் ஃபோகஸ் புள்ளியை வைத்து, இடுப்போடு சேர்ந்து சீராகச் சுழன்று வாருங்கள். எடுத்த பிறகும் சட்டென்று நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம் திரும்பிக்கொண்டே இருங்கள், பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். வீட்டுத் தெருவில் போகிற பைக்குகளை வைத்து முன்கூட்டிப் பழகலாம்.

பைலட் விமானத்தைக் கூட்டத்தை நோக்கி வளைத்துச் சாய்த்து வரும் ஒரு சுற்று உண்டு. இறக்கைகளின் மேல்பக்கம் முழுவதும் காக்பிட்டோடு தெரியும். அதற்காகக் காத்திருங்கள், வயிற்றுப் பக்கத்தை எடுத்துக் கார்டை நிரப்ப வேண்டாம்.

தரையிலும் கண் வையுங்கள். மார்க் 1 ஸ்பிட்ஃபயருக்கு ரேடியேட்டர் வலது இறக்கைக்கு அடியில், கீழே இறங்கியிருக்கும் சக்கரக் காலுக்குப் பின்னால் மறைந்திருக்கும். தரையில் காற்று போதாமல் சீக்கிரம் சூடாகும். அதனால் எஞ்சினைக் கிளப்பியதும் பைலட் அதிக நேரம் நிற்க மாட்டார், புகையும் நெருப்பும் கக்குவதை எடுக்க முன்னாலேயே தயாராக இருக்க வேண்டும். நீண்ட மூக்கு பார்வையை மறைப்பதால் ஓடுபாதைக்குப் போகும் வழியில் இடமும் வலமுமாக வளைந்து வளைந்துதான் ஓட்டுவார். ஒவ்வொரு வளைவிலும் உங்களுக்கு ஒரு புதுக் கோணம். இங்கே 1/80 போதும்.

படி 7: கேமராவைக் கீழே வையுங்கள்

நிகழ்ச்சிப் பட்டியலில் லங்காஸ்டர் என்ற பெரிய குண்டுவீச்சு விமானம் இருந்தால் முதல் சுற்றைக் கண்ணால் மட்டும் பாருங்கள். பறக்கும் நிலையில் உலகில் இரண்டே இரண்டு மிஞ்சியிருக்கின்றன. ஒன்று கனடாவின் ஹாமில்டனில், இன்னொன்று பிரிட்டிஷ் விமானப்படையிடம். நான்கு மெர்லின் எஞ்சின்களின் அதிர்வை நெஞ்சில் உணர்வீர்கள், எந்தப் படத்திலும் அது வராது. இரண்டாவது சுற்றில் எடுத்துக்கொள்ளலாம். நிதானமாகப் போகிற பெரிய விமானம் என்பதால் 1/160இல் பிடிப்பதும் எளிது.

படி 8: வீட்டுக்கு வந்த பிறகு

கேமராவின் சின்னத் திரையைப் பார்த்து எதையும் அழிக்காதீர்கள், கூர்மை அதில் தெரியாது. கணினியில் முழு அளவில் காக்பிட்டைப் பாருங்கள். அது கூர்மையாக இருந்து, ப்ரொப்பெல்லரும் சுழன்றால் அந்தப் படம் தேறியது. வெட்டும்போது மூக்குக்கு முன்னால் இடம் விடுங்கள். தூசிப் புள்ளிகளை நீக்கி, அடிப்பக்க நிழலைக் கொஞ்சம் தூக்கினால் போதும்.

பிறகு வால் பக்கம் எழுதியிருக்கும் தொடர் எண்ணை வைத்து அந்த விமானத்தின் வரலாற்றைத் தேடுங்கள். ஒரு எச்சரிக்கை: வேறொரு விமானத்தின் எண்ணையும் வண்ணத்தையும் பூசிக்கொண்டு பறப்பவையும் உண்டு. அப்படியானால் உண்மையான எண், பூசிய எண் இரண்டையும் படக்குறிப்பில் எழுதிவிடுங்கள்.