மலைக்கோட்டை உச்சியில் நின்று ஊர் பார்க்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பகல் 12 மணிக்குத் திருச்சியில் இறங்கி, "சாப்பாட்டுக்கு முன்னாடி மலைக்கோட்டையை ஏறி இறங்கிடலாம்" என்று கிளம்புவதுதான் முதல் தவறு. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கமிருந்து ஒருநாள் பயணமாக வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கீழே மாணிக்க விநாயகர் சன்னதியில் தொடங்கும் படிகளில் பெரும்பகுதி பாறைக்குள்ளும் கூரைக்குக் கீழும் போவதால் வெயில் உறைக்காது. செருப்பை அடிவாரத்திலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு நிம்மதியாக ஏறுவோம். தாயுமானவர் கோயில் மட்டத்தைத் தாண்டி வெட்டவெளிப் பாறைக்கு வந்த பிறகுதான் தெரியும், கால் வைக்க முடியாது என்று. காலையிலிருந்து வாங்கிய சூட்டைக் கருங்கல் மதியத்தில் திருப்பிக் கொடுக்கும். குழந்தைகள் அழ ஆரம்பிப்பது இந்த இடத்தில்தான். போதாக்குறைக்கு, தாயுமானவர் சன்னதியில் மதியம் நடை சாத்திவிட்டால் மாலை 4 மணிக்கு மேல்தான் திறப்பார்கள்.

காலை 9 மணிக்குள் உச்சியில் இருங்கள், இல்லையென்றால் மாலை 4.30க்கு மேல் ஏறுங்கள். வெயில் காலத்தில் ஒரு ஜோடி பருத்திக் காலுறை பையில் இருக்கட்டும். ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீராவது வேண்டும். மாலையில் போகிறவர்கள் சூரியன் மறையும் நேரத்தைத் தப்பாகக் கணக்குப் போடுவதும் உண்டு. ஆனி, ஆடியில் 6.40 வரை பொறுமையாக இருக்கலாம். கார்த்திகையில் 6 மணி அடிப்பதற்குள் சூரியன் போய்விடும். படிகள் நானூறுக்கும் மேல். நல்ல உடம்புக்காரருக்கே உட்கார்ந்து எழுந்து ஏற அரை மணி நேரம் வையுங்கள். பெரியவர்கள் கூட வந்தால் முக்கால் மணி. லிஃப்டோ ரோப் காரோ கிடையாது.

அடுத்தது மாதத் தவறு. பங்குனியில் வந்து வடக்கே பார்த்து, "காவிரி எங்கே?" என்று கேட்டால், வெறும் மணலைத்தான் காட்ட முடியும். டெல்டாக்காரருக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லைதான், ஆனாலும் மறந்துவிடுகிறோம். மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான தேதி ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. அணையில் இருப்பு குறைந்தால் திறப்பு தள்ளிப்போகும். எனவே கிளம்பும் முன் செய்தியில் மேட்டூர் நிலவரத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. திறந்த தண்ணீர் திருச்சியைத் தொடச் சில நாள் ஆகும். அணை திறந்த அன்றைக்கே வந்து நிற்பதில் பயனில்லை.

உச்சியில் நிற்கும் பலரும் முதலில் தெரியும் ஆற்றையே கொள்ளிடம் என்கிறார்கள். மலையிலிருந்து வடக்கே பார்த்தால் முதலில் வருவது காவிரி, அதற்கு அப்பால் தென்னையும் வீடுகளுமாக ஸ்ரீரங்கம் தீவு, அதையும் தாண்டித்தான் கொள்ளிடம். மேற்கே முக்கொம்பில் பிரிந்த இரண்டும் கிழக்கே கல்லணைப் பக்கம் மறுபடி நெருங்குகின்றன. பாசன நீர் காவிரியில் வரும். கொள்ளிடம் வெள்ளத்தை வடித்துவிடும் ஆறு என்பதால் உபரி நீர் வரும்போதுதான் கரைகொள்ளும். இரண்டும் நிறைந்து நடுவில் தீவு மிதக்கும் காட்சி வெள்ள நாட்களில் மட்டுமே கிடைக்கும். கல்லணையை மேலிருந்து தேடிக் கண்ணை நோகடிக்க வேண்டாம். தாழ்வான கட்டுமானம், தூரமும் அதிகம்.

கோபுரக் குழப்பமும் இதே போலத்தான். நேர் வடக்கிலிருந்து கொஞ்சம் இடப்பக்கம் நிமிர்ந்து நிற்பது ஸ்ரீரங்கம் ராஜகோபுரம். 13 நிலை, 236 அடி, 1987இல் குடமுழுக்கு கண்டது. கொஞ்சம் வலப்பக்கம் தெரிபவை திருவானைக்காவல் கோபுரங்கள். இரண்டையும் மாற்றிச் சொல்லி வீடியோ போட்டவர்கள் ஏராளம். பொன்மலை இவற்றுக்கு நேர் எதிரே, தெற்குப் பக்கம்.

படம் எடுக்க வருகிறவர்கள் தங்களுக்கே தெரியாமல் செய்யும் தவறு ஒன்று உண்டு. மலைக்கோட்டையிலிருந்து நமக்குத் தெரிவது ராஜகோபுரத்தின் தெற்கு முகம். சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை திருச்சியில் சூரியன் நாள் முழுக்க வடக்குச் சாய்விலேயே ஓடுகிறது. வடகிழக்கே உதித்து, நடுப்பகலில் நம் தலைக்கு மேல் சற்று வடக்கே கடந்து, வடமேற்கே மறையும். அதனால் அந்த நான்கு மாதமும் கோபுரத்தின் தெற்கு முகத்தில் நேர் வெயில் விழாது. பள்ளி விடுமுறைக் கூட்டம் வருவதும் இதே மாதங்களில்தான். வானம் பளீரென்று, கோபுரம் மட்டும் மங்கலாக வந்தால் போனைக் குறை சொல்லாதீர்கள். ஐப்பசியிலிருந்து மாசி வரை சூரியன் தெற்கே இருப்பதால் கோபுரத்தின் வண்ணமெல்லாம் துலங்கும். மார்கழியில் மட்டும் விடிந்ததும் ஓடாதீர்கள். ஆற்றுப் படுகை முழுக்கப் பனிமூட்டம் படுத்திருக்கும், அது விலக எட்டு எட்டரை ஆகும். ஆற்றில் தண்ணீரும் வேண்டும், கோபுரத்தில் வெயிலும் வேண்டும் என்றால் புரட்டாசிக் கடைசியிலிருந்து கார்த்திகைக்குள், இரவு மழை பெய்து ஓய்ந்த காலையாகப் பாருங்கள். தூசியெல்லாம் கழுவிப் போயிருக்கும்.

இன்னொன்று, தூரம். ராஜகோபுரம் இங்கிருந்து சுமார் 3 கிலோமீட்டர். கையை நீட்டிச் சுண்டுவிரலைப் படுக்கவைத்துப் பிடித்தால், அவ்வளவு பெரிய கோபுரத்தின் உயரம் அந்த விரலின் அகலம்தான் இருக்கும். போனைச் சாதாரணமாக வைத்து எடுத்தால் படத்தில் அது ஒரு புள்ளி. தனி ஜூம் லென்ஸ் உள்ள போன் என்றால் அதன் 3 மடங்கு, 5 மடங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் விரலால் இழுத்துப் பெரிதாக்குவது படத்தைக் குழப்பத்தான் செய்யும். முழங்கையைச் சுவரில் ஊன்றிக்கொள்ளுங்கள். கம்பி குறுக்கே வந்தால் லென்ஸைக் கம்பி இடைவெளியில் ஒட்டி வையுங்கள். சன்னதிக்குள் படம் எடுக்கக் கூடாது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். உச்சியில் தொப்பியும் துப்பட்டாவும் எம்மாத்திரம்? செல்ஃபிக் குச்சியை அந்த மாதத்தில் நீட்டவே வேண்டாம்.

எங்களைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய தவறு, வழியில் இருக்கும் பல்லவர் குடைவரையை நின்று பார்க்காமல் ஓடுவது. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த லளிதாங்குர பல்லவேசுவரம் அது. கங்கையைச் சடையில் ஏந்தும் சிவனின் பெரிய புடைப்புச் சிற்பம் உள்ளே இருக்கிறது. அங்குள்ள வடமொழிக் கல்வெட்டில், "தரையில் உள்ள கோயிலில் இருந்துகொண்டு சோழர் செழிப்பையும் காவிரியையும் நான் எப்படிப் பார்ப்பது?" என்று சிவன் கேட்டதாகவும், அதற்காகவே அரசன் மேகம் தொடும் இந்த மலைக்கோயிலை அவருக்குக் கொடுத்ததாகவும் வருகிறது. நாம் டிக்கெட் வாங்கிப் பார்க்க வந்த அதே காட்சிக்காக! இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வெளிச்சத்திலிருந்து உள்ளே போனதும் ஒன்றும் தெரியாது. கண் பழகும் வரை ஒரு நிமிடம் சும்மா நில்லுங்கள்.

சங்கடஹர சதுர்த்தி, விநாயகர் சதுர்த்தி நாட்களில் ஊர் பார்க்க வராதீர்கள். சாமி கும்பிட வருவதென்றால் தாராளமாக வாருங்கள். விநாயகர் சதுர்த்திக்கு மாணிக்க விநாயகருக்கும் உச்சிப் பிள்ளையாருக்கும் சேர்த்து 150 கிலோ கொழுக்கட்டை படைப்பது இங்கே வழக்கம். அன்று கடைசிப் படிவரிசையில் நின்று வேடிக்கை பார்க்க இடம் கிடைக்காது.

இறங்கும்போதுதான் முழங்கால் கணக்குக் கேட்கும். கடைசிப் படிவரிசை செங்குத்தானது, படிகளும் ஒரே அளவில் இருக்காது. மழை பெய்திருந்தால் வழுக்கும். கைப்பிடியைப் பிடித்து, பாதத்தை லேசாகப் பக்கவாட்டில் திருப்பி வைத்து இறங்குங்கள். முட்டிவலிக்காரர்கள் தாயுமானவர் சன்னதி மட்டத்திலேயே நின்றுகொள்வதில் ஒரு வெட்கமும் இல்லை.

கார் கொண்டுவந்து என்.எஸ்.பி. ரோட்டுக்குள் நுழைய முயல்வதும் வேண்டாத வேலை. தெப்பக்குளத்தைச் சுற்றி ஜவுளிக்கடைக் கூட்டம், தீபாவளி நெருங்கினால் நடக்கவே இடமிருக்காது. சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கினால் நடந்தே வந்துவிடலாம். ஆனால் பஞ்சப்பூரில் 2025இல் புது முனையம் வந்த பிறகு வெளியூர் பஸ்கள் நிற்கும் இடம் மாறியிருக்கிறது. சீட்டு வாங்கும்போதே, "சத்திரம் போகுமா, இல்ல பஞ்சப்பூரோட நின்னுடுமா?" என்று கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள்.