ஸ்பீக்கரை மூலையிலிருந்து வெளியே இழுங்கள்

பாட்டு தெளிவாகக் கேட்கவில்லை என்று புது ஆம்ப்ளிஃபயருக்குக் காசு எடுத்து வைக்கும் முன், இருக்கிற இரண்டு ஸ்பீக்கர்களையும் சுவரிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி முன்னால் இழுத்து வைத்துக் கேட்டுப் பாருங்கள். பெட்டியின் மேல்பகுதியில் இருக்கும் சின்ன ட்வீட்டர் (கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைத் தருவது), நாற்காலியில் உட்கார்ந்தால் காது மட்டத்துக்கு வரட்டும். ஸ்டாண்ட் வாங்க வேண்டாம், ஆடாத மர ஸ்டூல் போதும். பிளாஸ்டிக் ஸ்டூல் கூடவே அதிரும்.

பேஸ் எனும் கனத்த, தாழ்ந்த ஒலி பெட்டிக்குப் பின்பக்கமும் பரவும். மூலையில் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து அதைக் கூட்டிவிடுவதால் 'தும் தும்' என்ற இரைச்சலில் பாடுகிறவர் குரல் அமுங்கிப்போகிறது. ட்வீட்டர் ஒலியோ டார்ச் வெளிச்சம் மாதிரி, பெரும்பாலும் நேராகத்தான் போகும். பீரோவுக்கு மேல் ஏற்றி வைத்தால் அது நம் தலைக்கு மேலேயே போய்விடும். (நம் வீடுகளில் ஸ்பீக்கருக்கு ஒதுக்கும் இடமே அதுதான்!)

மூன்று, நான்கு அங்குலக் கூம்பு (அதிர்ந்து ஒலி எழுப்பும் வட்டப் பகுதி) உள்ள குட்டி ஸ்பீக்கர் என்றால் கதை வேறு. அதில் பேஸே குறைவு, சுவரை ஒட்டி வைப்பதுதான் நல்லது. சுவரில் மாட்டவென்றே செய்தவற்றுக்கும் முன்னால் இழுக்கும் யோசனை பொருந்தாது. அப்புறம், கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் கிழிந்திருந்தால் எங்கே நகர்த்தினாலும் கரகரக்கத்தான் செய்யும். முதலில் அதை மாற்றுங்கள்.