பழைய கேரவனுக்கு நியாயமான விலை பேசிய என் அனுபவம்

படுக்கையும் சமையலறையும் உள்ளேயே அமைந்த பழைய கேரவன் ஒன்றை வாங்கச் சென்றபோது, விற்பனையாளர் மொத்த விலையைச் சொல்லாமல் மாதத் தவணையை மட்டுமே திரும்பத் திரும்பச் சொன்னார். காலத்தை நீட்டினால் எந்த விலையும் சிறியதாகத் தோன்றும் என்பதால், ஆவணக் கட்டணம் உட்பட அனைத்தும் சேர்ந்த தொகையை எழுத்தில் கேட்டேன். அதன் பிறகே பேச்சு உண்மையில் தொடங்கியது.

எனக்கு மிகவும் கைகொடுத்தது வண்டியைப் பரிசோதித்த அந்த அரை நாள்தான். கூரை இணைப்புகளிலும் சன்னல் ஓரங்களிலும் ஈரப்பதம் காட்டும் கருவியை வைத்துப் பார்த்தபோது, படுக்கைக்கு மேலிருந்த மூலையில் நீர் கசிந்திருப்பது தெரிந்தது. இத்தகைய வண்டிகளுக்குக் கசிவைவிடப் பெரிய கேடு இல்லை என்பேன். சுவருக்குள் மரச்சட்டம் இருந்தால், அது வெளியே தெரியாமலேயே உளுத்துப்போகும். டயரின் பக்கவாட்டில் தயாரிப்புத் தேதியைக் குறிக்கும் எண் 2315 என்றிருந்தது. அதாவது, 2015ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானவை. அதிகம் ஓடாததால் அவை தேயவில்லை என்றாலும், ரப்பரில் வெடிப்புகள் விழுந்திருந்தன.

இவ்விரண்டுக்கும் ஆகும் செலவை ஒரு பழுதுபார்ப்பவரிடம் எழுதி வாங்கி, அதே ஆண்டு, அதே மாடல் வண்டிகளுக்கு மற்றவர்கள் கேட்ட விலைகளோடு சேர்த்து முன்வைத்தேன். விற்பனையாளர் இலவசமாகச் சில துணைப்பொருள்கள் தருவதாகச் சொன்னார்; நான் அதை மறுத்து, விடைபெற்று வந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவரே அழைத்து, கசிவைத் தம் செலவில் சரிசெய்து தரவும் டயர் விலையில் பாதியைக் கழிக்கவும் இசைந்தார். மறுபரிசோதனையில் ஈரம் இல்லையென்று உறுதியான பின்பே முன்பணம் கொடுத்தேன்.