மன்றக் கூட்டம் முடிஞ்சதும் வார்டு ஜனங்களுக்கு கணக்கு சொல்றது எப்படி

நகராட்சியிலயோ பேரூராட்சியிலயோ கவுன்சிலரா இருக்குறவங்களுக்காக, முக்கியமா முதல் தடவையா ஜெயிச்சு வந்த அக்கா தங்கச்சிங்களுக்காக இதை எழுதுறேன். மாசா மாசம் மன்றக் கூட்டம் நடக்குது, அஜெண்டாவுல (கூட்டத்துல பேசப்போற விஷயங்களோட பட்டியல்ல) இருக்குற பொருள வரிசையா படிக்கிறாங்க, தீர்மானம் நிறைவேறுது, மறுநாள் பேப்பர்ல யாரு வெளிநடப்பு பண்ணாங்கன்னு மட்டும் வருது, ஆனா தன்னோட வரிப்பணத்துல என்ன முடிவாச்சுன்னு தெருவுல இருக்குற ஒருத்தருக்கும் தெரியறதில்ல. 2016 அக்டோபர்ல பழைய மன்றங்க முடிஞ்சு 2022 பிப்ரவரி 19ல தேர்தல் நடக்குற வரைக்கும் அஞ்சு வருஷத்துக்கு மேல தமிழ்நாட்டுல நகரங்கள்ல கவுன்சிலரே கிடையாது, தனி அதிகாரிங்கதான் பாத்தாங்க. அதனால கவுன்சிலர்கிட்ட கேக்கலாம்ங்கிற பழக்கமே நிறைய பேருக்கு விட்டுப்போச்சு. அந்தப் பழக்கத்த திரும்ப உண்டாக்க வேண்டியது நாமதான், ஆபீஸ் அதை செய்யாது.

மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், கணக்கு சொல்றத கூட்டம் முடிஞ்சப்புறம் ஆரம்பிக்காதீங்க. அஜெண்டா கைக்கு வந்த அன்னிக்கே ஆரம்பிங்க. முடிவெடுத்துட்டு வந்து சொன்னா அது வெறும் தகவல், முடிவுக்கு முன்னாடி சொன்னாதான் ஜனங்க பேசுறதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு.

அஜெண்டாவ படிக்கும்போது மூணு விதமா பிரிச்சு குறிச்சுக்கங்க. நம்ம வார்டுல நேரா நடக்குற வேலை ஒண்ணு. ஊருக்கே பொதுவானது இன்னொண்ணு, வரி, குப்பை ஒப்பந்தம், தண்ணி கட்டணம், பஸ் ஸ்டாண்டு கடை ஏலம் இந்த மாதிரி, இதை நிறைய கவுன்சிலருங்க "நம்ம வார்டு இல்லையே"ன்னு விட்டுடுறாங்க, ஆனா நம்ம வார்டு வீட்டுக்கும் பில் வரும்ல. மூணாவது பின்னேற்புன்னு வர்ற பொருளுங்க, அதாவது செலவு ஏற்கனவே பண்ணியாச்சு, இப்ப மன்றம் ஒத்துக்கணும்னு வைக்கிறது. மோட்டார் ரிப்பேர், பைப் உடைப்பு மாதிரி அவசரத்துக்கு பின்னேற்பு வர்றது நியாயம்தான், அதை தப்புன்னு சொல்லல, ஆனா எந்த மோட்டாரு, எந்த இடம், எப்ப பழுதாச்சுன்னு கேட்டு தெரிஞ்சுக்கிட்டு கை தூக்குங்க. கூட்டத்துக்கு முந்தின ராத்திரி வார்டு வாட்ஸப் குரூப்புல ஒரு மெசேஜ் போதும்: "நாளைக்கு நம்ம வார்டு சம்பந்தமா இந்த ரெண்டு பொருள் வருது, உங்க கருத்து காலைல ஒன்பது மணிக்குள்ள சொல்லுங்க". மொத மாசம் யாரும் பதில் போட மாட்டாங்க, பரவாயில்ல, தொடர்ந்து போடுங்க, தெருவுல ஒரு சாக்கடை விஷயம் வந்தா தானா பேச ஆரம்பிப்பாங்க.

கூட்டம் முடிஞ்ச அன்னிக்கு இல்லன்னா மறுநாளே எழுதிடுங்க. ஒரு வாரம் ஆச்சுன்னா நமக்கே பாதி மறந்துடும், அதுக்குள்ள டீக்கடையில வேற கதை ஓடியிருக்கும். இங்கதான் ஜனங்களுக்கும் நமக்கும் பெரிய மனஸ்தாபம் வர்ற இடம் இருக்கு. "தீர்மானம் நிறைவேறிச்சு"ன்னு போட்டா நாளைக்கே ஜேசிபி வந்து நிக்கும்னு நினைக்கிறாங்க. நிஜத்துல எஸ்டிமேட் போடணும், நிர்வாக அனுமதி வாங்கணும், தொழில்நுட்ப அனுமதி வாங்கணும், டெண்டர் விடணும், டெண்டர மன்றம் ஏத்துக்கணும், அப்புறம்தான் ஒர்க் ஆர்டர், வேலை முடிஞ்சா ஏ.ஈ. (உதவிப் பொறியாளர்) அளந்து எம் புக்குல, அதாவது அளவு எழுதுற புத்தகத்துல ஏத்தணும், அதுக்கப்புறம்தான் பில். இதுல எந்தப் படியில நிக்குதுன்னு சொல்லலன்னா கவுன்சிலர் பொய் சொல்றாங்கன்னுதான் முடிவு கட்டுவாங்க, அவங்கள குத்தம் சொல்லவும் முடியாது. அதனால ஒவ்வொரு வேலைக்கும் என்ன வேலை, எந்த இடத்துல இருந்து எந்த இடம் வரைக்கும், எவ்வளவு காசு, எந்த நிதி, இப்ப எந்தப் படி, அடுத்த படி யாரு கையில, இவ்வளவும் எழுதுங்க. மாதிரிக்கு ஒண்ணு:

"பிள்ளையார் கோயில் தெரு மழைநீர் வடிகால். தண்ணி டேங்க்ல இருந்து மெயின் ரோடு வரைக்கும். மதிப்பு 6 லட்சம், நகராட்சி பொது நிதி. இந்த மாசம் மன்றம் அனுமதிச்சாச்சு. இன்னும் டெண்டர் விடல, இப்ப இன்ஜினியர் பிரிவுல இருக்கு. அடுத்த மாசம் என்னாச்சுன்னு சொல்றேன்."

இவ்வளவுதான். மாண்புமிகு, பொற்கரம், பொன்னான திட்டம் எதுவும் வேண்டாம். படம் போடணும்னா வேலை நடக்க வேண்டிய இடத்தோட படத்த போடுங்க, நம்ம படம் வேண்டாம்.

எந்த நிதின்னு சொல்ல சொன்னேன்ல, அதை கொஞ்சம் விளக்கணும், ஏன்னா ஜனங்க அதிகமா கோவப்படுறது இதுலதான். "ரோடு போட காசில்லன்றீங்க, அங்க தண்ணிக்கு மட்டும் குழி தோண்டுறீங்க"ன்னு கேப்பாங்க. எல்லா காசும் ஒரே டப்பாவுல இல்லைன்னு சொல்லணும். 15வது நிதிக்குழு 2021ல இருந்து 2026 வரைக்கும் நம்ம மாதிரி சின்ன ஊருங்களுக்கு பரிந்துரைச்ச மானியத்துல 60 சதவீதம் கட்டுப்பாட்டோட வர்றது, அதுல பாதி குடிதண்ணி, மழைநீர் சேகரிப்பு சம்பந்தமா, மீதி பாதி சுகாதாரம், குப்பை சம்பந்தமா மட்டும்தான் செலவு பண்ணலாம். மிச்ச 40 சதவீதம்தான் ஊர் தேவைக்கு நாம முடிவு பண்றது, அதுலயும் சம்பளம் போட முடியாது. இதை நான் ஒரு தடவ வாய்ஸ் நோட்டுல பொறுமையா சொன்னேன், அப்புறம் அந்தக் கேள்வி எங்க குரூப்புல வேற மாதிரி வர ஆரம்பிச்சுது, "அக்கா அந்த 40 சதவீதத்துல நம்ம வார்டுக்கு எவ்வளவு"ன்னு கேட்டாங்க. எனக்கு ரொம்ப சந்தோஷம், அதான் கேக்க வேண்டிய கேள்வி.

வரி விஷயத்தையும் இதோட சேர்த்து சொல்லுங்க. சொத்து வரிய அரையாண்டு ஆரம்பிச்ச மொத மாசத்துக்குள்ள, அதாவது ஏப்ரல் 30க்குள்ள, அக்டோபர் 31க்குள்ள கட்டுனா 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபா. மார்ச்சுலயும் செப்டம்பர்லயும் இதை போட்டீங்கன்னா ஜனங்களுக்கு லாபம், பொது நிதிக்கும் காசு சீக்கிரம் வரும்.

நடக்காதத மறைக்காதீங்க. ஒத்திவைச்ச பொருள், நீங்க கேட்டு கிடைக்காத லைட்டு, எதிர்த்து ஓட்டு போட்டும் நிறைவேறுன தீர்மானம், எல்லாத்தையும் எழுதுங்க, நீங்க என்ன பேசுனீங்க, எந்தப் பக்கம் நின்னீங்கன்னும் எழுதுங்க. சேர்மன் நம்ம கட்சியா இருந்தாலும் சரி. இதுல மத்த வார்டு கவுன்சிலர திட்டுறது மட்டும் வேண்டாம், அந்த வார்டுலயும் ஜனங்கதான இருக்காங்க.

இப்ப போய் சேர்க்குறது. வாட்ஸப்புல ரெண்டு குரூப் வைங்க, ஒண்ணுல அட்மின் மட்டும் பேசணும், அதுல மாசக் கணக்கும் தண்ணி வர்ற நேரமும் மட்டும், இன்னொண்ணுல எல்லாரும் பேசலாம். ஒரே குரூப்புல குட்மார்னிங், கல்யாண பத்திரிகை, கட்சி போஸ்டரு எல்லாம் வந்தா நம்ம கணக்கு மேல போயிடும், யாரும் தேடி படிக்க மாட்டாங்க. முதியோர் பென்ஷன் லிஸ்ட், ஆதார், போன் நம்பர் இதெல்லாம் எந்த குரூப்புலயும் போடாதீங்க, சம்பந்தப்பட்டவங்கள தனியா கூப்பிட்டு சொல்லுங்க. படிக்க முடியாதவங்களுக்கு அதையே மூணு நிமிஷ வாய்ஸ் நோட்டா போடுங்க. போனே இல்லாதவங்களுக்கு ஒரு பக்கம் ஜெராக்ஸ் எடுத்து ரேஷன் கடை, அங்கன்வாடி, டீக்கடை சுவத்துல ஒட்டுங்க, ரேஷன் கடை வரிசைல நிக்குறப்ப எல்லாரும் படிப்பாங்க, படிக்கத் தெரியாதவங்க பக்கத்துல இருக்குறவங்ககிட்ட கேப்பாங்க, அங்கயே பேச்சு ஆரம்பிச்சுடும்.

பொம்பளை கவுன்சிலருங்களுக்கு தனியா ஒண்ணு. 2016ல நம்ம மாநிலத்துல உள்ளாட்சியில பாதி இடம் நமக்குன்னு சட்டமே வந்தாச்சு, ஆனா இன்னும் பல வார்டுல போன் பண்ணா வீட்டுக்காரர்தான் எடுக்குறாரு. அந்த மாசக் கணக்கு உங்க குரல்ல வரணும், உங்க நம்பர்ல இருந்து வரணும். எழுத்து கோணலா இருந்தாலும் பரவாயில்ல. ரெண்டு மூணு மாசம் உங்க குரலக் கேட்டுட்டா தெருவுல இருக்குற பொம்பளைங்க நேரா உங்ககிட்டயே வருவாங்க, கழிவறை, தெரு விளக்கு, ராத்திரி வேலைக்கு போய்ட்டு வர்ற வழி இதெல்லாம் ஆம்பளைங்ககிட்ட அவங்க சொல்லாத விஷயம்.

அடுத்தது ஏரியா சபா. கிராம சபை மாதிரி நகரத்துக்கும் வேணும்னு 2022ல வார்டு கமிட்டி, ஏரியா சபா விதிங்க வந்துச்சு, அந்த வருஷம் நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்னிக்கு கூட்டம் நடந்துச்சு, தாம்பரம் மாநகராட்சியில பம்மல்ல நடந்ததுக்கு முதலமைச்சரே வந்தாரு. கேரளாவுல 1996ல மக்கள் திட்டம்னு ஆரம்பிச்சு வார்டு சபையில பேசி திட்டம் போடுற பழக்கம் ரொம்ப நாளா இருக்கு, நாம இப்பதான் ஆரம்பிக்கிறோம், அதனால ஒழுங்கா ஆரம்பிக்கணும்.

இடம் ரொம்ப முக்கியம். ஒரு சாதி சங்க மண்டபத்துலயோ எல்லாரும் உள்ள வர தயங்குற கோயில் வாசல்லயோ வைக்காதீங்க, நகராட்சி ஸ்கூல், அங்கன்வாடி, பார்க், இந்த மாதிரி எல்லாருக்கும் பொதுவான இடத்துல வைங்க. காலைல பதினோரு மணிக்கு வச்சா ரிட்டையர் ஆனவங்க மட்டும்தான் வருவாங்க, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வைங்க. தூய்மைப் பணியாளருங்கள கூப்பிட்டு நாற்காலி போட்டு உக்கார வைங்க, எந்த தெருவுல குப்பை பிரிக்கிறாங்க, எங்க சாக்கடை அடைச்சுக்குதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். பேச ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி போன தடவ கேட்டதுல எது ஆச்சு எது ஆகலன்னு படிச்சிடுங்க. அப்புறம் நீங்க பேசாம உக்காருங்க. சொல்றத ஒரு நோட்டுல எழுதி, கடைசில படிச்சுக் காட்டி கையெழுத்து வாங்குங்க, வாய் வார்த்தையா விட்டா ஆபீஸ்ல யாரும் மதிக்க மாட்டாங்க, கையெழுத்து போட்ட பேப்பர இணைச்சு மன்றத்துல கோரிக்கையா வச்சா அது பதிவாகும்.

நமக்கு நாமே திட்டத்துல வேலை எடுக்கலாம்னு யாராவது சொல்லுவாங்க, நல்ல திட்டம்தான், பொதுவா மூணுல ஒரு பங்கு ஜனங்க போட்டா மீதிய அரசு தரும். ஆனா கூலி வேலைக்கு போறவங்க தெருவுல அடிப்படை சாக்கடைக்கு காசு வசூல் பண்ண இதை கொண்டு போகாதீங்க, அது நகராட்சியே செஞ்சு குடுக்க வேண்டியது. பார்க்குக்கு, பள்ளிக்கூட சுவருக்கு, கேமராவுக்குன்னா ஊர்ல வசதியானவங்கள கேளுங்க.

வேலை நடக்கும்போது தெருவுக்கு ரெண்டு பேர பாக்க சொல்லுங்க, அதுல ஒருத்தர் பொம்பளையா இருக்கட்டும். பழைய ரோட்ட சுரண்டி எடுத்துட்டுத்தான் புது ரோடு போடுறாங்களான்னு பாக்க சொல்லுங்க, அப்படியே மேல மேல போட்டா ரோடு உசந்து மழைத்தண்ணி வீட்டுக்குள்ள வரும். சாக்கடை தளத்துல ஒரு குடம் தண்ணி ஊத்தி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாத்தா வாட்டம் தெரிஞ்சிடும், இதுக்கு இன்ஜினியரிங் படிக்கணும்னு இல்ல. கான்ட்ராக்டர்கிட்ட நேரா சண்டைக்கு போக வேண்டாம்னு சொல்லிடுங்க, போட்டோ எடுத்து தேதியோட உங்களுக்கு அனுப்பட்டும், நீங்க ஏ.ஈ.கிட்ட பேசுங்க, பில் பாஸ் ஆகுறதுக்கு முன்னாடி பேசுங்க.

யாராவது எஸ்டிமேட் காப்பி வேணும்னு தகவல் உரிமைச் சட்டத்துல கேக்கணும்னா நீங்களே வழி சொல்லுங்க, பயப்படாதீங்க. வெள்ளைப் பேப்பர்ல பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி குடுத்தா போதும், 30 நாளுக்குள்ள பதில் வரணும், வரலன்னா முதல் மேல்முறையீடு. அதே 2005 சட்டப்படி, நடக்குற வேலைய நேர்ல பாத்து சாம்பிள் எடுக்கவும் உரிமை இருக்கு. தெரு லைட்டு, குப்பைன்னா முதல்வர் உதவி மையம் 1100க்கு போன் போட சொல்லி, புகார் நம்பர உங்களுக்கும் அனுப்ப சொல்லுங்க.

அடுத்த மாசக் கணக்க எழுத உக்காரும்போது புதுசா ஆரம்பிக்காதீங்க, போன மாச மெசேஜ எடுத்து, "அடுத்த மாசம் சொல்றேன்"னு விட்ட வரிங்கள எல்லாம் மேல காப்பி பண்ணி, ஒவ்வொண்ணுக்கும் நேரா என்னாச்சுன்னு போட்டுட்டு, அதுக்கு கீழதான் புது தீர்மானங்கள எழுதணும்.