வில்லாக வளைந்த காலை நேராக்கும் அறுவை: முறைகளை ஒப்பிடுவது எப்படி

முழங்கால் மூட்டின் உட்புறம் மட்டும் தேய்ந்து, கால் வில்லாக வளைந்திருப்பவர்களுக்கு மூட்டை மாற்றாமலே ஒரு வழி உண்டு. டிபியா என்னும் கீழ்க்கால் எலும்பின் மேற்பகுதியை வெட்டிக் கோணத்தைத் திருத்தி, உடல் எடை இறங்கும் கோட்டைத் தேயாத வெளிப்பக்கத்துக்கு நகர்த்துவதே அது. எலும்பை வெட்டும் முறைகள் சில இருப்பினும், ஒப்பீட்டை அவற்றின் பெயரிலிருந்து தொடங்கக் கூடாது. எக்ஸ்ரேயிலிருந்து தொடங்க வேண்டும்.

இடுப்பு முதல் கணுக்கால் வரை, நின்ற நிலையில் எடுத்த படத்தில் இடுப்பு மூட்டின் மையத்தையும் கணுக்காலின் மையத்தையும் ஒரு கோட்டால் இணைக்க வேண்டும். முழங்காலின் உள்விளிம்பிலிருந்து அகலத்தில் ஏறத்தாழ 62 விழுக்காடு தொலைவில் அக்கோடு விழுவதே பல மருத்துவர்கள் நாடும் இலக்கு; தேய்மானம் குறைவாயின் இலக்கையும் குறைத்துக்கொள்வர். டிபியாவின் நீள அச்சுக்கும் அதன் மேல் மூட்டுப்பரப்புக்கும் இடையிலான உட்புறக் கோணம் இயல்பான 87 பாகைக்கு அருகில் இருந்தால் வளைவு தொடை எலும்பிலோ மூட்டிடைவெளியிலோ இருக்கக்கூடும். அப்போது டிபியாவை மட்டும் வெட்டினால் கால் நேராகி மூட்டு சாய்ந்துவிடும்.

இன்று பரவலாகச் செய்யப்படுவது உட்பக்கத்தில் வெட்டி விரிக்கும் முறை. வெளிப்புறத்தில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் எலும்பைக் கீல்போல விட்டுவிட்டு, வெட்டை மெல்ல விரித்துப் பிளேட்டும் ஸ்க்ரூவும் பொருத்துவர். அறுவையின்போதே கோணத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடிவது இதன் பெரும் வசதி. ஆனால் ஒரு பாகைக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற பழைய கணக்கை நம்ப வேண்டாம். எலும்பின் அகலம் 70 மில்லிமீட்டரானால் 10 பாகைக்கு 12 மில்லிமீட்டருக்கும் சற்று மேல் விரிக்க வேண்டும். கீல் உடைவது, இடைவெளியில் எலும்பு கூடத் தாமதமாவது, முழங்கால் சில்லு சற்றே தாழ்ந்துவிடுவது ஆகியவை இதன் குறைகள். புகைப்பவர்களுக்கு எலும்பு கூடுவது மேலும் தாமதமாகும் என்பதால், அவர்கள் அப்பழக்கத்தை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

வெளிப்பக்கத்தில் ஆப்பு வடிவ எலும்புத் துண்டை எடுத்து மூடும் முறை மூத்தது. அமெரிக்க மருத்துவர் மார்க் கவென்ட்ரி 1965இல் வெளியிட்ட கட்டுரையால் புகழ்பெற்றது. எலும்போடு எலும்பு நேராகப் பொருந்துவதால் அது கூடுவதற்கு வாய்ப்பு அதிகம். பதிலுக்கு, பக்கத்திலுள்ள பிபுலா எலும்பையும் வெட்டவோ அதன் மேல்மூட்டைத் தளர்த்தவோ நேரும். பாதத்தை மேலே தூக்க உதவும் நரம்பு அருகிலேயே செல்வதால் அதற்கு ஊறு நேரலாம். காலின் நீளமும் சற்றுக் குறையும்.

பக்கவாட்டுப் படத்தில் தெரியும் டிபியாவின் பின்சரிவை, அதாவது அதன் மேற்பரப்பு பின்னோக்கிச் சாய்ந்திருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. விரிக்கும் முறை அச்சரிவைக் கூட்டவும், மூடும் முறை குறைக்கவும் முனையும். முழங்காலுக்குள் டிபியாவை முன்னோக்கி நழுவாமல் பிடித்திருக்கும் முன் சிலுவைத் தசைநார் அறுந்தவருக்குச் சரிவு கூடினால் டிபியா முன்னோக்கி நழுவும்; அவருக்கு மூடும் முறை பொருந்தலாம். பின் சிலுவைத் தசைநார் இல்லாதவருக்கு இது தலைகீழாகும்.

மிகப் பெரிய வளைவுக்கு வளைவான வெட்டோ, எலும்பில் கம்பிகளால் பிணைத்துக் காலுக்கு வெளியே பூட்டும் சட்டத்தால் நாள்தோறும் சிறிது சிறிதாக விரிப்பதோ உண்டு. பின்னதில் கம்பி நுழையும் இடங்களில் சீழ் பிடிக்காமல் காப்பதே பெரும்பாடு.

பின்னாளில் முழு மூட்டு மாற்று தேவைப்படலாம் என்பதையும் ஒப்பீட்டில் சேர்க்க வேண்டும். மூடும் முறையில் எலும்பு குறைந்து, டிபியாவின் மேல்முனை தண்டிலிருந்து விலகியிருந்தால் செயற்கை மூட்டைப் பொருத்துவது கடினமாகும். விரிக்கும் முறையில் பெரும்பாலும் பிளேட்டை அகற்றுவதே கூடுதல் வேலை.